ஊர் சொல்லாத ஓட்டு

அசாஹெல் பிரெண்டிஸை வெஸ்ட்பர்லி ஊர் பாஸ்டனுக்கு அனுப்பியது ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வருவதற்காக. வேண்டாம், அவ்வளவுதான். பிலடெல்பியாவில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு பெரிய மனிதர்கள் எழுதிய புதிய அரசியல் சட்டத்தை மாசசூசெட்ஸ் ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்ய 1788 ஜனவரியில் அங்கே சபை கூடியது. நம் ஆள் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று ஊர்க்கூட்டம் கை தூக்கித் தீர்மானித்திருந்தது.

அசாஹெலுக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. மலைச்சரிவு நிலத்தில் கல் பொறுக்கியே முதுகு வளைந்த மனிதர்; பல வருடங்களாக ஊர் நிர்வாகிகளில் ஒருவர். தூரத்தில் இருக்கும் எந்த அரசாங்கத்தின் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவருடைய மனைவியின் அண்ணன் சாடோக் ஹோய்ட்டுக்கோ கோபமே உண்டு. போன குளிர்காலத்தில் வரி தாங்காமல் துப்பாக்கி தூக்கிய விவசாயிகளில் சாடோக்கின் மகனும் ஒருவன். பிடிபட்டு, ஆள் பாதியாகித்தான் சிறையிலிருந்து திரும்பினான்.

"'மக்களாகிய நாங்கள்'னு ஆரம்பிச்சிருக்கானுங்க மாப்ள. யாரு அந்த நாங்கள்? என்னைக் கேட்டானா, உன்னைக் கேட்டானா?" என்றார் சாடோக், வழியனுப்ப வந்தபோது. "வாயைத் திறந்து பேச எனக்கு உரிமை உண்டுன்னு ஒரு வரி இருக்கா அதுல? வீட்டுக்குள்ள பூந்து தேட மாட்டோம்னு ஒரு வரி?"

அசாஹெலின் மனைவி பெயர் சைலன்ஸ். மௌனம் என்று பொருள். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர், ஆசை நிறைவேறவில்லை. "அந்த நாங்கள்ல நான் உண்டா?" என்று அவள் கேட்டாள். இரண்டு ஆண்களும் தட்டிலிருந்த பீன்ஸைப் பார்த்தார்கள். "சரி விடுங்க. சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லிட்டு வாங்க. போன இடத்துல யோசிக்க ஆரம்பிச்சிராதீங்க."

போன இடத்தில் அவர் யோசித்தார். அதுதான் வினை.

சபையில் சட்டத்தை வரிவரியாகப் பிரித்து வாரக்கணக்கில் பேசினார்கள். சட்டம் போடுகிறவன் ஒருவன், நடத்துகிறவன் ஒருவன், தீர்ப்புச் சொல்கிறவன் ஒருவன், ஒருவன் சட்டைக் காலரை இன்னொருவன் பிடித்துக்கொண்டே இருப்பான் என்பது அசாஹெலுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவரை அசைத்தது ஐந்தாம் பிரிவு. இந்தச் சட்டத்தில் குறை கண்டால் இதையே எப்படித் திருத்துவது என்று அந்தச் சட்டமே வழி சொல்லியிருந்தது. ராஜாவின் சாசனங்களை அவர் அறிவார். தான் தப்பாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட சாசனத்தை அவர் அதுவரை கண்டதில்லை. கடைசியில், சட்டத்தை ஏற்போம், கூடவே உரிமைகளைச் சேர்க்கும் திருத்தங்களையும் கேட்போம் என்று ஒரு யோசனை வந்தது.

பெயர் கூப்பிட்டபோது "சரி" என்றார். குரல் அவ்வளவு சன்னமாக வந்ததால் எழுத்தர் இன்னொரு தடவை கேட்டார். நூற்றெண்பத்தேழுக்கு நூற்றறுபத்தெட்டு. பத்துப் பேர் மாறியிருந்தால் கவிழ்ந்திருக்கும்.

அவர் வருவதற்கு முன்பே சேதி ஊருக்கு வந்துவிட்டது. பிடிக்கிறதோ இல்லையோ, பெரும்பான்மை முடிவு, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பலர் கதவைப் பாதிதான் திறந்தார்கள். சாடோக் திறக்கவே இல்லை.

"கோயில்ல எங்க அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கிறான். நான் என்னங்க சொல்றது?" என்றாள் சைலன்ஸ்.

"திருத்தம் வரும்னு சொல்லு."

"வரலன்னா?"

பாவம், ஊருக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்ற பயம் அவருக்கே இருந்தது. தன் ஆட்களிடம் இனி தன் பேச்சு எடுபடுமா என்ற கவலை சோற்றையும் தூக்கத்தையும் தின்றது.

மார்ச்சில் வருடாந்திர ஊர்க்கூட்டம். நிர்வாகிகள் தேர்தலில் அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் காது சுட்டது. கடைசியாகப் பன்றிக்காவலர் பதவி வந்தது. வேலி தாண்டி வயலைக் கிளறும் பன்றிகளைப் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைக்கிற வேலை. அந்த வருடம் கல்யாணமான புது மாப்பிள்ளைகளின் தலையில் அதைக் கட்டிச் சிரிப்பது அந்தப் பக்கத்து ஊர்களின் வழக்கம்.

சாடோக் எழுந்தார். "எங்க மாப்ள அசாஹெலைச் சொல்றேன். பாஸ்டன்ல பெரிய எடத்துல புதுசா சம்பந்தம் பண்ணிட்டு வந்திருக்காரே."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைகள் மளமளவென்று உயர்ந்தன. வேண்டாதவர் அபராதம் கட்டி விலகலாம். அவரும் அதைத்தான் செய்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அசாஹெல் மெல்ல எழுந்து நின்றார்.

"எதிர்த்துக் கை தூக்கினது எத்தனை பேர்?" என்று கூட்டத் தலைவரைக் கேட்டார்.

"ரெண்டு மூணு பேர் இருப்பாங்க."

"அப்ப உறுதிமொழியச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன்."

வலது கையை உயர்த்தி, பாரபட்சம் இல்லாமல் கடமையைச் செய்வேன் என்று ஒரு சொல் விடாமல் சொன்னார். முடிப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

வெளியே குதிரைக் கொட்டகையில் சாடோக் நின்றிருந்தார். "அபராதத்தக் கட்டிட்டு ஒதுங்கியிருக்கலாமே." அசாஹெல் பாஸ்டனிலிருந்து வந்த பிறகு அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"அங்க கொஞ்ச ஓட்டுல ஜெயிச்சுட்டு வந்து, பிடிக்கலன்னாலும் ஏத்துக்குங்கன்னு உங்க வாசல்ல எல்லாம் வந்து நின்னேன். இங்க தோத்ததும் நான் மட்டும் நழுவினா, என் பேச்சுக்கு என்ன மச்சான் மரியாதை?"

சாடோக் கடிவாள முடிச்சை அவிழ்த்தார், பிறகு எதற்கோ திரும்பவும் போட்டார்.

"திருத்தம் வரலன்னா உன்னைச் சும்மா விட மாட்டேன்."

"வரலன்னா, உன்கூட சேந்து நானும் சண்டைக்கு வர்றேன்."

சாடோக் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்: "எங்க வீட்டுக் கெடாப் பன்னி பொல்லாதது. தனியா பிடிக்க வந்துராத, இடுப்ப ஒடிச்சிரும். என்னைக் கூப்பிடு, மாப்ள."