நாலு பாஷையில் ஒரு போத்தல்

1955 தை மாதம், ஒரு காலை ஏழு மணி. அட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் பஸ் புறப்பட்டது. பன்னிரண்டு மைல், அறுபது சதம். என் மடியில் பூசைக்கான திராட்சை ரசம் ஒரு போத்தல். மஸ்கெலியாச் சாமியாரிடம் சொட்டும் மிச்சமில்லை என்று கொழும்புப் பாதிரியார் என்னிடம் கொடுத்தனுப்பியது.

பக்கத்தில் மாலைக்கூடையுடன் ஆரோக்கியம், தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். மகளுக்கு அன்று பத்து மணிக்குக் கல்யாணப் பூசை. "ரசம் இல்லாம சாமி கையப் பிசைஞ்சுகிட்டு இருக்காருங்க. நல்லவேளை, நீங்க வந்தீங்க" என்றார்.

நான் யாழ்ப்பாணத்து வாத்தியார். குருமடத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு லத்தீனோடு மட்டும் வெளியே வந்தவன்.

ஏழே முக்காலுக்கு நோர்வூட்டில் கள்ளச்சாராயம் தேடி மதுவரி அதிகாரி ஒருவர் ஏறினார். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசினார்.

"போத்தல்ல என்ன?"

"லத்தீனில இது வீனும். அதிலிருந்துதான் இத்தாலியில வீனோ, பிரெஞ்சில வேன், போர்த்துக்கீசில வீன்யோ."

"அப்ப நாலு பாஷையிலயும் குடிதானே?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. கள்ளு விற்கும் தவறணை, பீப்பாய் எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள் என்று விளக்கினேன். "குடிகாரனுக்கு உங்கட சிங்களத்தில சொல்லுற பேபத்தாவும் அவையின்ர சொல்தான்" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. அதிகாரியின் முகம் சிவந்தது.

"சாமியார்ட கடிதம் இருக்கா? இல்லாட்டி போத்தலோட இறங்குங்க."

கடிதம் இல்லை. ஆரோக்கியம் எழுந்தார்.

"ஐயா, பத்து மணிக்குக் கல்யாணம். இவரு பேசி முடிக்கப் பன்னெண்டாயிரும். போத்தல எங்கிட்டக் குடுங்க. சாமிகிட்டச் சீட்டு வாங்கி இதே பஸ்ஸுல அனுப்புறேன். அதுவரைக்கும் இவர நீங்க வச்சுக்குங்க."

அதிகாரி யோசிக்கவேயில்லை. போத்தல் போனது, அதற்கு ஈடாக நான் அதிகாரியோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த மர இருக்கைக்கு நாங்கள் சொல்லும் வாங்கும் போர்த்துக்கீசச் சொல்தான். அவரிடம் சொல்லவில்லை.

பத்தரைக்குச் சீட்டு வந்தது. அடுத்த பஸ் பிடித்துக் கல்யாண வீட்டை அடையும்போது பன்னிரண்டரை. பூசை நல்லபடியாக முடிந்திருந்தது. வெட்கத்தோடு பந்தியின் கடைசியில் உட்கார்ந்தேன்.

ஆரோக்கியம் மகளையும் மருமகனையும் அழைத்துவந்து என் எதிரே உட்கார வைத்தார். "இப்ப சொல்லுங்க வாத்தியாரே, அந்த நாலு பாஷைக் கதைய. அவசரமே இல்ல."

யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் மணி அடிக்கும்வரைதான் நான் பேசுவதைக் கேட்பார்கள். இங்கே சோற்றில் கை வைத்தவர்களும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மகளின் கழுத்தில் புதுத் தாலி. நாலு பாஷையையும் விட்டுவிட்டு, "நல்லா இருங்கோ" என்று தமிழில் மட்டும் சொன்னேன்.