சப்பை மூக்கு கேட்ட தொக்சிம்

மாங்வோன் சந்தையில் என் டோஃபு கடைக்கு எதிர்க்கடை தொக்சிமுடையது. உப்பில் ஊறிய இறால் விற்கிறாள். இருபது வருஷமாகப் பார்க்கிறேன்; முகக்கவசம் இல்லாத முகத்தைப் பார்த்தது நாலைந்து தடவைதான். நோய்க்காலத்தில் ஊரே முகத்தை மூடியபோது, நானும் இப்போது ஊரோடு ஒருத்தி ஆகிவிட்டேன் என்று சிரித்தாள். ஊர் பிறகு கழற்றிவிட்டது. அவள் கழற்றவில்லை.

கிழவயதில் அழகுக்கு ஆசைப்பட்டு மூக்கை அறுத்துத் தைத்துக்கொண்டாள் என்று இன்றைக்குப் பேசுகிறார்கள். பேசட்டும். கூடவே போனவள் நான், நான் சொல்வதையும் கேளுங்கள்.

அவளுக்குப் பிறவியில் அப்பாவின் மூக்கு. இரண்டு கன்னத்துக்கும் நடுவே சோம்பலாகப் படுத்துக்கிடக்கும் நீளமான சப்பை மூக்கு. அதில் ஒரு குறையுமில்லை. பத்தொன்பது வயதில் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். எங்கள் நாட்டில் விண்ணப்பத்தில் முதலில் பார்ப்பது முகப்படத்தைத்தான். படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று அண்ணன் கிசோப்தான் அழைத்துப்போய் மூக்குக்குள் சிலிக்கான் துண்டு வைக்கச் செய்தான். மூன்று வருஷத்தில் அது சீழ் வைத்தது. துண்டை எடுத்தார்கள். உள்ளே சதை சுருங்கச் சுருங்க மூக்கு குட்டையாகி, நுனி மேலே ஏறி, துவாரம் இரண்டும் எதிரே நிற்பவரைப் பார்த்தன.

இப்படிப்பட்டதை நாங்கள் தூக்குஜன்னல் மூக்கு என்போம். "மழை வருது, ஜன்னலைச் சாத்து தொக்சிம்" என்றான் மீன்கடைக்காரன் ஒருநாள். அவன் மேல் ஒரு கை உப்பிறாலை எறிந்தாள். டோஃபு ஊறிய தண்ணீரை நான் ஊற்றினேன்.

நாற்பத்தேழு வயதில் மூச்சும் அடைக்க ஆரம்பித்தது. விலா எலும்பு நுனியிலிருந்து குருத்தெலும்பு எடுத்து மூக்கை நீட்டலாம் என்று டாக்டர் சொன்னார். செய்தி கேட்டு கிசோப் சந்தைக்கே வந்துவிட்டான்.

"அப்பா அம்மா குடுத்த உடம்புல கத்தி வைக்கிறவ, அப்பா படையல் அன்னைக்கு என் வாசப்படி ஏறாத."

"அப்பா குடுத்ததைத் தொலைச்சது நீ அண்ணா," என்றாள். "நான் அதைத் தேடிட்டுத்தான் போறேன்."

டாக்டரோடும் தகராறு. திரையில் அவர் வரைந்து காட்டியது குன்று மாதிரி நிமிர்ந்த மூக்கு. இது வேண்டாம், பழையது போதும் என்றாள். பழையது எப்படி இருந்தது என்று கேட்டார். காட்டப் படமில்லை, வெறுப்பில் எல்லாவற்றையும் என்றோ கிழித்துப் போட்டிருந்தாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு மூக்கு. அது அண்ணன் வீட்டு அலமாரியில், இறுதிச்சடங்கில் வைத்த அப்பாவின் படத்தில் இருந்தது. கிசோப் இல்லாத நேரம் போனோம். அண்ணிதான் படத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் துணியை எடுத்துவிட்டு, படத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவள் நடந்தாள். படச்சட்டத்தின் மேல்மூலைகளில் சடங்கன்று கட்டிய கறுப்பு ரிப்பன் அப்படியே இருந்ததை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. எங்கள் நாட்டில் இரண்டு பெண்கள் அப்படியொரு படத்தோடு ஆஸ்பத்திரிக்குள் வந்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ இங்கே செத்திருக்கிறார்கள், நியாயம் கேட்க வந்திருக்கிறார்கள். வரவேற்பு மேசைப் பெண்ணின் முகம் வெளுத்தது. மூக்கில் கட்டோடு காத்திருந்த பெண்களை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எங்களுக்குத் தனியறை, பார்லி தேநீர். மேலாளர் குனிந்து நின்று, ஐயாவுக்கு எப்போது ஆபரேஷன் நடந்தது என்று மெல்லக் கேட்டார்.

"ஆபரேஷனே இல்லப்பா. கல்லீரல். போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு," என்றேன்.

"எங்க ஆஸ்பத்திரி தொறந்தே ஆறு வருஷம்தானேம்மா?"

அதற்குள் டாக்டரே ஓடிவந்தார். தொக்சிம் முகக்கவசத்தைக் கழற்றினாள். படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இந்த மூக்கு வேணும்."

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். "அம்மா, இது சப்பை மூக்கு."

"எங்கப்பா மூக்கு."

"இதைத்தான் செஞ்சேன்னு தெரிஞ்சா என்கிட்ட எவனும் வரமாட்டான்."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நுனியைக் கீழ இறக்குங்க. மூக்குத்தண்டை ஒரு மயிரிழை தூக்கினாலும், இதே ரிப்பனோட வந்து உங்க வாசல்ல உக்காருவேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு உள்ளதைச் சொன்னார். தோல் இறுகிப்போயிருக்கிறது, அது இடம் கொடுக்கும் அளவுக்குத்தான் இறங்கும், முழுசாக அப்பா வரமாட்டார் என்றார். வருகிற வரைக்கும் வரட்டும் என்றாள்.

அறுத்த பிறகு மூக்கைவிட விலாதான் அவளுக்கு வலித்தது. நான் ஏதாவது சொல்லி அவள் சிரித்துத் தொலைத்தால் விலாவைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவாள். கட்டுப் பிரித்தபோது துவாரங்கள் தரையைப் பார்த்தன. நுனி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பிறகு சரிசெய்யலாம் என்றார் டாக்டர். மூச்சு வருகிறது, போதும் என்று எழுந்துவிட்டாள்.

படையல் நாளன்று டோஃபு கொடுக்கிற சாக்கில் கிசோப் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். தொக்சிம் முகக்கவசம் இல்லாமல் வந்தாள். கையில் படம். அதை அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. படமில்லாமல் படையல் மேசையின் நடு வெறிச்சென்று கிடந்தது.

"குடு," என்று கிசோப் வாசலில் கை நீட்டினான்.

"அப்பா என்கூடத்தான் உள்ள வருவார்."

அவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். வழிவிட்டு ஒதுங்கினான். அவளே படத்தை வைத்துவிட்டு, வணங்குகிறவர்கள் வரிசையில் நின்றாள். குனிந்து எழுந்தபின் அண்ணன் முணுமுணுத்தான்.

"ரிப்பன் எங்க?"

"டாக்டர் மேசையில விட்டுட்டு வந்தேன்," என்றாள். "ஞாபகம் இருக்கட்டும்."