கழுத்தில் கட்டிய பேண்டேஜ் துணி

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அப்பா. அப்பாவின் அண்ணன் பெண்சாதி, எனக்குப் பெரியம்மா. அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வந்த மாமா, அம்மாவின் அண்ணன். அவரோடு வந்த சித்தி, அம்மாவின் தங்கச்சி. கூப்பிடாமல் வந்த எதிர்வீட்டுக்காரம்மா. நான், இரண்டாம் வகுப்பு. தம்பி, ஐந்து மாதம். அவனைத் தோளில் போட்டிருந்த அம்மாவைக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த இடமும் கடைசிதான், அடுப்படி வாசலில்.

எல்லாம் எச்சிலால் வந்தது. தம்பிக்கு வாயில் வாணி வடியும். கொஞ்சநஞ்சம் இல்லை. சட்டை போட்ட செத்த நேரத்தில் நெஞ்சு வரை நனைந்துவிடும். கழுத்து மடிப்பில் ஈரம் நின்று தோல் சிவந்து போனது. அப்பாவுக்குச் சத்திரப்பட்டியில் தறி வேலை. அவர் தறியில் ஓடுவது வேட்டியோ சேலையோ இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. நூல் அறுந்து பிசகிப்போன துணியை முதலாளி சும்மா கொடுப்பார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பில் இருந்து சட்டி இறக்குவது அந்தத் துணியில்தான். அம்மா அதை நாலாக மடித்துத் தம்பி கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். மெத்தென்று இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வேறு ஒன்றும் இல்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில் சுந்தரபாண்டியத்துக்காரி ஒருத்தி அதைப் பார்த்திருக்கிறாள். மாமா வீட்டுக்குத் தெரிந்தவள். பிள்ளைக்குக் கழுத்தில் கட்டுப் போட்டிருக்கிறது என்று போய்ச் சொல்லிவிட்டாள். அது மாமா காதுக்கு வரும்போது ஆபரேஷன் ஆகிவிட்டது. சித்தி காதுக்கு வரும்போது தையலும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு லீவு. மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். சித்தி பின்னால் அழுதுகொண்டு வந்தாள். அழுகையைப் பஸ்ஸிலேயே ஆரம்பித்திருப்பாள் போல, தொண்டை கட்டியிருந்தது.

"பிள்ளைக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கிய. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல. நாங்க செத்தா போனோம்?" என்றார் மாமா.

அப்பா சட்டை இல்லாமல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன ஆபரேஷன் மச்சான்?" என்றார்.

சித்தி தம்பியின் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். தையல் இல்லை. சிவந்த தோலும் கொஞ்சம் பவுடரும் இருந்தன. தம்பி சித்தியைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்போடு வாணி அவள் கையில் ஒழுகியது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் அம்புட்டுக் கோபத்தையும் பஸ் ஏற்றிக் கொண்டுவந்த ஆள், அதை அப்படியே திருப்பி எடுத்துப் போவாரா. மாமா அதை வேறு இடத்தில் இறக்கினார்.

"சரி, ஆபரேஷன் இல்ல. வாணி ஏன் இப்படி ஊத்துது?"

எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கு ஒரு அர்த்தம் உண்டு. வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைத் தின்னக் கொடுக்காவிட்டால், பிறக்கிற பிள்ளைக்கு வாணி வடியும் என்பார்கள். அதனால் பிள்ளையின் வாயில் வடிவது எச்சில் இல்லை. புருசன் வீட்டு மானம்.

அத்தை எழுந்து நின்றாள். "யாரைப் பாத்து என்ன கேக்கிய? புரோட்டா கேட்டா, வாங்கிக் குடுத்தோம். கருவாடு கேட்டா, வாங்கிக் குடுத்தோம். கார்த்திகை மாசத்துல சப்பட்டை மாங்கா வேணும்னா. தோப்புல போயி மரத்தை உலுக்கினா இலைதான் விழும்."

"அப்ப மாங்கா குடுக்கல."

"ஏன், கார்த்திகையில ஒங்க ஊர்ல காய்க்குதாக்கும்?"

"எங்க ஊர்ல இருந்திருந்தா ஊறுகாயாவது தின்னிருப்பா."

"ஒங்க ஊரு சாப்பாடு தெரியாதா. வளைகாப்புக்குக் கட்டிட்டு வந்த புளிச்சோறு கல்லு மாதிரி கெடந்துச்சு. அதை நெனச்சுத்தான் வாணி வடிக்கானோ என்னமோ."

சித்திதான் அந்தப் புளிச்சோற்றைக் கிண்டியவள். மறுபடி அழ ஆரம்பித்தாள்.

மாமா மஞ்சப்பையில் இருந்து பால்கோவாப் பொட்டலத்தை எடுத்தார். இதற்குத்தான் தங்கச்சி ஏங்கியிருப்பாள் என்று முடிவு செய்துவிட்டார். கொஞ்சம் விரலில் தொட்டுத் தம்பி வாயருகே கொண்டுபோனார். அம்மா "வேண்டாம்ண்ணே" என்று விலகினாள். தம்பி விலகவில்லை. பால்கோவாவைப் பார்த்து அவன் வாயில் தாரையாக வடிந்தது.

"பாத்தியளா?" என்றார் மாமா, கேஸ் ஜெயித்தவர் போல.

அம்மா அங்கேதான் நிற்கிறாள். எதற்கு ஆசைப்பட்டாய் என்று அவளிடம் கேட்டால் தெரிந்துபோகும். ஒருத்தரும் கேட்கவில்லை. சந்தை மாட்டைப் பற்றிப் பேசுவது மாதிரி அவளைப் பற்றிப் பேசினார்கள். மாட்டையாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

எதிர்வீட்டுக்காரம்மா பேச்சை வேறு பக்கம் இழுத்தாள். "வாணிய விடுங்க. பிள்ளை ராத்திரி பூரா அழுகுது, எங்க வீட்டுக்குக் கேக்குது. தாய்ப்பால் பத்தல. டப்பாப் பால் கரைச்சுக் குடுங்க."

"பத்தாம என்ன? குடிச்சதைத் தயிராக் கக்குதான். கக்குற பிள்ளை தக்கும்," என்றாள் பெரியம்மா.

"கையைச் சப்புதானே, அது பசிதான?" என்றாள் சித்தி, மூக்கைச் சிந்திக்கொண்டு.

அத்தை விடவில்லை. "பசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பகல்ல அவனைத் தூங்க விட்டா ராத்திரி எங்க தூங்குவான்? தாய்க்காரியும் கூடவே படுத்துக்கிடுதா."

படுத்துக்கிடுதா. விடிவதற்கு முன்னால் அம்மா குழாயடியில் நிற்பாள். அப்பாவுக்குச் சோறு கட்டுவாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். தம்பி துணிகளை அலசுவாள். அலசியது காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடும். தம்பி கண்ணசந்த நேரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பாள். அத்தை அதை என்றைக்கோ பார்த்திருக்கிறாள். பார்த்து வைத்திருந்து, அம்மாவின் அண்ணன் முன்னால், தங்கச்சி முன்னால், எதிர்வீட்டுக்காரி முன்னால் சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "இனிப் பேச்சு வேண்டாம். தங்கச்சியையும் பிள்ளையையும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"என்னைய?" என்று கேட்டேன்.

"ஒனக்குக் காலாண்டுப் பரீட்சை வருதுல்ல தாயி. பெரியம்மா வீட்ல இரு."

தம்பி பிறந்தபோதும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மா கெட்டவள் இல்லை. ஆனால் அவள் தலை சீவினால் கண்ணில் தண்ணீர் வரும். முட்டை அவித்தால் அவள் பிள்ளைகளைத் தாண்டி என் தட்டுக்கு வராது. நான் அழுதால், பொம்பளைப் பிள்ளை அழலாமா என்பாள். இன்னொரு தரம் அங்கே போய் இருக்க என்னால் முடியாது. அம்மா போகக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். அவளிடம் கேட்டால் மாட்டேன் என்பாள் என்று நடுவில் போய் நின்றேன்.

"அம்மாட்ட யாராச்சும் கேட்டியளா?"

"ஏட்டி, பெரியவிய பேசுத எடத்துல ஒனக்கென்ன?" என்றாள் அத்தை.

அப்பா தம்ளரைப் பார்த்துக்கொண்டு, "கேட்டாத்தான் என்ன?" என்றார். ஆபரேஷன் பேச்சுக்குப் பிறகு அப்போதுதான் வாயைத் திறந்தார்.

மாமா அம்மா பக்கம் திரும்பினார். "சொல்லு தாயி. யாருக்கும் பயப்படாத. வயித்துல இவன் இருக்கையில எதுக்கு ஆசைப்பட்ட? எது கெடைக்கல?"

"தூக்கம்," என்றாள் அம்மா.

"தின்ன என்ன ஆசைப்பட்டன்னு கேக்கேன்."

"தின்ன எல்லாம் குடுத்தாவண்ணே. தூக்கம்தான் கெடைக்கல. இப்பவும் அதான்."

தம்பியை மாமா கையில் கொடுத்தாள். உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"விருந்தாடி வந்திருக்கையில கதவைப் பூட்டுதாளே," என்றாள் அத்தை. தம்பி அழ ஆரம்பித்துவிட்டான்.

மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அது முதலில் தோளில் நனைந்தது, பிறகு நெஞ்சில், பிறகு பையில் இருந்த பஸ் டிக்கெட் நனைந்தது. "யாராச்சும் வாங்குங்க," என்றார். சித்தி வாங்கினாள். அவள் அழுததைப் பார்த்து அவன் இன்னும் அழுதான். பெரியம்மா வாங்கிக் குப்புறப் போட்டுத் தட்டினாள். தயிராகக் கக்கினான். அத்தை சங்கில் தண்ணீர் கொடுத்தாள். அதைத் துப்பினான். எதிர்வீட்டுக்காரம்மாவுக்கு அடுப்பில் பால் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது, போய்விட்டாள். மடித்து வைத்திருந்த பேண்டேஜ் துணி முழுவதும் தீர்ந்துபோனது. ஆளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தவர்கள், ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தை உள்ளறைக் கதவைத் தட்டப் போனாள். "தட்டாதக்கா," என்றார் அப்பா. எழுந்து வந்து தம்பியை வாங்கி வெற்று மார்பில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்தார். தெருமுனை வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தார். எப்போது தூங்கினான் என்று தெரியாது. அப்பா மார்பில் இருந்து வயிறு வரை ஈரம் பளபளத்தது.

வெயில் இறங்கின பிறகு அம்மா வெளியே வந்தாள். முகத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. தம்பியை வாங்கிப் பால் கொடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாமா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். கூட்டிப்போகிற ஆசையெல்லாம் அவருக்குப் போய்விட்டது போல் இருந்தது.

அம்மா கட்டைப்பையை எடுத்தாள். தம்பி துணிகளை வைத்தாள். அவளுடைய சேலை இரண்டை வைத்தாள்.

"அண்ணே, போவோம்," என்றாள்.

நான் முந்தானையைப் பிடித்தேன். "நீ போகக் கூடாதுன்னுதானம்மா நான் கேட்டேன்."

"தெரியும்டி. அங்க சித்தி இருக்கா, செத்த நேரம் இவனை வச்சுக்குவா. நான் தூங்கணும். பொறவு வாரேன்."

முந்தானையில் இருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கோபமாக எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்பாவோடு போனேன். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தம்பியின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். நான் கையைத் தூக்கவில்லை. பஸ் திரும்பும்வரை மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. படுத்துக்கிடுதா என்று சொன்ன அத்தை மேல். எச்சிலுக்குப் பஞ்சாயத்து வைத்த மாமா மேல். எல்லாருக்கும் மேலே அம்மா மேல். அத்தனை பெரிய பொம்பளை, தூக்கத்துக்காகப் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போவாளா என்று.

இப்போது என் மகன் தொட்டிலில் கிடக்கிறான். அவனும் வடிக்கிறான். ஆஸ்பத்திரியில் கேட்டேன். இந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் வரும், துடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான் விசயம். அதற்கு அன்றைக்கு இரண்டு ஊர் சண்டை போட்டது. ராத்திரி இவனும் தூங்குவதில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது, எனக்கே முடியவில்லை. நேற்றுத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எத்தனை வயது இருக்கும் என்று கழித்துப் பார்த்தேன்.

இருபத்து நான்கு.