சனி முழுக்கும் நாலு கதவுப் பிடிகளும்

நல்லெண்ணெயும் ஸ்பிரே பெயின்டும் ஒன்றாய்க் கலந்தால் எப்படி மணக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். பாரிசுக்குப் பக்கத்தில், லா கூர்னெவில் எங்கள் பால்கனி ஒரு சனிக்கிழமை அப்படித்தான் மணந்தது...

அப்போது லா ஷப்பலில் ஒரு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஏழு வருசம். விரலெல்லாம் ஊறி வெளிறிப்போயிருந்தது. பொண்டி என்ற ஊரில் கராஜ் வைத்திருந்த ஒரு பத்ரோன், அதாவது முதலாளி, பழைய காரொன்றின் நாலு உள்கதவுப் பிடிகளைக் கழற்றித் தந்தார். திங்கட்கிழமைக்குள் வழுவழுவென்று பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தால் வேலை என்றார்.

லீவு போட்டேன். தேய்த்தேன், கழுவினேன், காயவைத்தேன். சனி காலை எண்ணெய் வைத்து முழுகிவிட்டு வந்து, பிடிகளை ஆசையாய் ஒருமுறை தடவிப் பார்த்து, அடித்தேன்.

ஒரு நிமிசம் ஆகவில்லை. பெயின்ட் அங்கங்கே விலகிச் சின்னச் சின்னக் குழிகள்! ஐயோ, அழுகையே வந்துவிட்டது. இனிக் காலம் முழுக்கக் கோப்பைதான் என்று நினைத்தேன்.

மனைவி வாசுகி வந்து குனிந்து பார்த்தாள். பிறகு என் கையை முகர்ந்தாள்.

"என்னப்பா, முழுகின கையாலையோ இதைத் தொட்டனீங்கள்?"

"ஓம்... இண்டைக்குச் சனியெல்லோ?"

"நல்ல ஆள்தான்! கையிலை, தலையிலை எல்லாம் எண்ணெய். பெயின்ட் எப்பிடி ஒட்டும்?"

சிரிக்கிறாள்! எனக்கு வந்த கோபத்துக்கு... ஆனால் அவள் சொன்னதில் பிழையில்லை. பாரிஸ் குளிரிலும் சனி முழுக்கை நான் விட்டதில்லை.

ஞாயிறு இரண்டு பேரும் இருந்து அத்தனையையும் உரஞ்சி எடுத்தோம். எண்ணெய்ப் பசை போக அல்கோல் தொட்டுத் துடைத்தோம். வாசுகி என் கையில் கிளவுஸ் மாட்டி, தலையில் ஷொப்பிங் பையைக் கட்டிவிட்டாள். டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லிசாய் ஒரு பூச்சு... காயவிட்டு இன்னொன்று... மூன்றாவதில் மினுங்கியது.

திங்கள் பத்ரோன் விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு வேலையுடுப்பைக் கொண்டுவந்து தந்தார்.

இப்போது அந்தக் கராஜில் எனக்கு ஸ்பிரே கன், தூசி புகாத அறை எல்லாம் இருக்கிறது. அந்தப் பால்கனி மணம் மட்டும் இல்லை.

அடுத்த மாதம் சென் தெனியில் என் சொந்தக் கராஜ் திறக்கிறேன். மற்றக் கராஜ்களுக்குச் சனிதான் நல்ல வியாபாரம். எங்கள் போர்டில் சனி பூட்டு. போர்டு எழுத வந்த எங்கடை தமிழ் ஆள் ஒருவர், "ஏனண்ணை?" என்று கேட்டார்.

வாசுகி முந்திக்கொண்டாள்.

"அண்டைக்கு இவர் முழுகவேணும்."