சனிக்கிழமை குளியல் இல்லை

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் லோரியின் காதில் உண்ணி தேடினோம். அப்பா டார்ச் பிடித்தார். இடுக்கி என் கையில். நடுவில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய பழைய மைலோ டின். லோரி எங்கள் நாய். கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு சரக்கு லோரிக்கு அடியில் கிடைத்ததால் அந்தப் பெயர்.

"காது மடிப்புல ஒன்னு இருக்கு. நசுக்காத. தோல ஒட்டிப் பிடிச்சு நேரா இழு."

"தெரியும்பா."

"தெரியும்பா, தெரியும்பா. போன வாட்டி தலைய உள்ளயே விட்டுட்ட, இன்ஜினியரம்மா."

இந்த முறை முழுசாக வந்தது. டின்னில் போட்டேன். அப்பா எழுந்து போய் சமையலறை நாள்காட்டியில் அன்றைய கட்டத்தில் '1' என்று எழுதினார். பதினேழாம் நாள் மாத்திரையை வாழைப்பழத்துக்குள் திணித்து லோரிக்கு ஊட்டினார். நான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அறைக்குக் கிளம்பிவிட்டேன்.

அப்பாவின் பெயர் தம்புசாமி. கிள்ளானில் முப்பத்தொரு வருடம் கொசுப் புகை அடித்தவர். "நான் வந்தா தெருவே கதவச் சாத்தும்" என்பார், பெரிய மனிதர்களுக்கு நடக்கிற மரியாதையைச் சொல்வதுபோல. ஓய்வு பெற்றபின் அடிக்க ஒன்றும் இல்லாமல் சோர்ந்திருந்தார். லோரி வந்தது. கூடவே உண்ணியும் வந்தது. அப்பா மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டார்.

கொசுவை வளர்ந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பது அவர் தொழில். அதையே உண்ணிக்கும் வைத்தார். "நாய் மேல இருக்கறது கொஞ்சம்தான்மா. மிச்சமெல்லாம் செவுத்துல இருக்கு." அது சரிதான். கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் இருந்த வெடிப்புகளை ஒவ்வொன்றாகக் குடைந்து, சிமெண்டு பூசி அடைத்தார். லோரி படுத்த சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டார்.

பருவத்துக்கும் ஒரு விதி வைத்திருந்தார்: மழைக்குத் தெள்ளு, வெயிலுக்கு உண்ணி. பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஆன்டியின் பூனை சொறிந்தால் மழைக்காலம். லோரி சொறிந்தால் வெயில்காலம்.

"இங்க சீசனே கிடையாதுப்பா. வருஷம் முழுக்க ஒரே சூடுதான். பூச்சியும் வருஷம் முழுக்க இருக்கும்."

"உன் ஆபீஸ்ல ஏர்கோன். அங்க சீசன் இல்லதான்."

அவர் எண்ணிக்கை எழுதினார். நான் மருந்து வாங்கினேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கிள்ளானுக்கு வந்து, கழுத்துக்குப் பின்னால் முடியை விலக்கி, சொட்டு மருந்து விடுவேன். இரவே திரும்பிவிடுவேன். எட்டு மாதம் தவறாமல் செய்தேன். ஆனாலும் உண்ணி குறையவில்லை. மருந்தை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் குறையவில்லை.

பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்த வெயிலில், லோரி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது. மறுநாள் மூக்கில் ரத்தம். அப்பா போன் செய்தார், நான் ஓடி வந்தேன். நாய் கிளினிக்கில் டாக்டர் ஷாமினி லோரியின் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது.

"உண்ணிக் காய்ச்சல் அங்கிள். ரத்தம் உறைய வைக்கற அணு முப்பத்தெட்டுதான் இருக்கு. நூத்தி எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கணும். மருந்து எதுவும் போடறதில்லையா?"

"மாசா மாசம். பொண்ணு வெள்ளிக்கெழம வந்து போடும்."

"எப்ப குளிப்பாட்டுவீங்க?"

"சனிக்கெழம. எண்ணெ தேச்சு."

"எண்ணெயா?"

"நல்லெண்ணெ. அப்புறம் சீயக்கா. ஆம்பளப் புள்ள லா, டாக்டர், சனிக்கெழமதான் தலைக்குக் குளிக்கணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார், பிறகு நிறுத்தினார்.

"அப்ப மருந்த நான்தான் கழுவி விட்டேனா?"

"போட்ட பிறகு ரெண்டு நாளைக்குத் தண்ணி படக்கூடாது அங்கிள்."

"நான் சொல்லலப்பா. பெட்டியில எழுதியிருந்துச்சு, நான்தான் சொல்லல," என்றேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவிக்கும் செய்முறை எழுதிக் கொடுப்பது என் வேலை.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "பொழைக்குமா டாக்டர்?"

"இருபத்தெட்டு நாள் மாத்திர. ஒரு நாளும் விடாம. கடைசி நாள் கூட்டிட்டு வாங்க, மறுபடி ரத்தம் பாக்கணும். அப்பதான் சொல்ல முடியும்."

வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டியில் இருந்த எல்லாச் சனிக்கிழமையிலும் சிவப்பு மையில் 'குளியல் இல்லை' என்று எழுதினார். தன் எண்ணெய்க் குளியலையும் நிறுத்திவிட்டார்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று நல்லம்மாள் ஆன்டி கேட்டார்.

"அவன் பாத்துக்கிட்டு நிப்பான் ஆன்டி. நான் மட்டும் எப்படி?" ஆன்டி அவரைவிட ஐந்து வயது சின்னவர். அப்பா ஆன்டி என்று கூப்பிடுவதே அவரைச் சீண்டத்தான்.

பத்தொன்பதாம் நாள், செவ்வாய். மாத்திரை கொடுத்தார். நாள்காட்டியில் '0' எழுதினார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆன்டிதான் எனக்குப் போன் செய்தார். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு. லோரி நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

புதன்கிழமை வீடு நிறைய ஆட்கள். செமினியிலிருந்து வந்த பெரியப்பா, "நாய எங்கயாச்சும் கட்டிப் போடும்மா" என்றார். காலை ஒன்பது மணிக்கு நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாழைப்பழம் தேடினேன். பூஜைத் தட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டேன். இருபதாவது மாத்திரை.

பத்து நாள் விடுப்பு. நாள்காட்டிகளை எடுத்து, மூன்று வருட எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றி வரைபடம் போட்டேன். வெயில் மாதங்களில் கோடு ஏறுகிறது. மழையில் இறங்குகிறது. ஒவ்வொரு வருடமும். நம் வீட்டில் சீசன் இருக்கிறதப்பா.

இருபத்தெட்டாம் நாள், வியாழன். லோரியைக் காரில் ஏற்றினேன். அது முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்பா ஓட்டும்போது அப்படித்தான் போலிருக்கிறது. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். இருபது நிமிடம் காத்திருந்தோம். டாக்டர் ஷாமினி காகிதத்தோடு வந்தார்.

"இருநூத்திப் பதினொன்னு. ஈறு பாருங்க, நல்ல ரோஸ். தப்பிச்சிட்டான். அங்கிள் வரலயா? அவருகிட்ட நானே சொல்லணும்."

சொன்னேன்.

அவர் மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். லோரி அவர் செருப்பை முகர்ந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே, "போன தடவ நீங்க பில் கட்டப் போனப்ப முருங்கைக்கீரை பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்," என்றார். "இங்க பாசார்ல நல்லதா கெடைக்கலன்னு சொன்னேன். அதுக்கு அவரு, எங்க வீட்டு வாசல்லயே மரம் இருக்கு, ரத்தம் பாக்க வரப்ப ஒரு கட்டு கொண்டாறேன்னாரு."

எனக்கு அது தெரியாது. நாள்காட்டியிலும் எழுதவில்லை.

மரம் வாசலில்தான் நிற்கிறது. இந்த மழைக்கு நன்றாகத் துளிர்த்திருக்கிறது. கிளினிக் நாலு கிலோமீட்டர். கீரை இன்னும் போய்ச் சேரவில்லை.