எட்டாவது பொத்தான்

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் அண்ணி, சக்கர நாற்காலி கொடுக்கும் அறக்கட்டளையின் செயலாளர், அவரோடு வந்த மேடம், அடிவாரத்திலிருந்து மைக்செட் கொண்டுவந்த பாய். ஆறாவதாக என் மடியிலிருந்த பேசும் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறந்ததிலிருந்தே எனக்குக் கைகால் இழுக்கும், வாய் கோணும். நான் பேசினால் அண்ணிக்கு மட்டும்தான் புரியும். மற்றவர்களிடம் பெட்டிதான் எனக்காகப் பேசும்.

அதில் எட்டுப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேசிப் பதிந்து வைத்தால், அழுத்தும்போது திருப்பிச் சொல்லும். தண்ணி, சோறு, வயிறு வலிக்குது என்று சொல்லத்தான் கொடுத்தார்கள். தண்ணிக்குச் சொம்பைக் காட்டினால் போதாதா? நான் அதில் ஜோக்கு ஏற்றினேன். யோசிப்பது நான், குரல் அண்ணியுடையது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? கோயில் நோம்பி, காதுகுத்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். தாடியும் மீசையுமாக உட்கார்ந்து முதல் பொத்தானை அழுத்துவேன். "வணக்கமுங்க. கொரலக் கேட்டுப் பயந்துராதீங்க, இது எங்க அண்ணி கொரலு. ஊட்லதான் அவங்க பேச்சே பேச்சுன்னு பாத்தா, இங்கயும் அவங்களேதான் பேசறாங்க!" அதிலேயே பாதிக் கூட்டம் விழுந்துவிடும்.

மற்ற இடங்களில் சோறு போட்டுத் துண்டு கொடுப்பார்கள். அறக்கட்டளைக்காரர்கள்தான் முதன்முதலாக என்னிடம் ரேட் பேசினார்கள். நானூறு ரூபாய், முன்பணம் ஐம்பது. அந்த ஐம்பதை நான் செலவு செய்யவில்லை. அண்ணன் கேட்டும் கொடுக்கவில்லை. ஜோக்கு சொல்கிறவன் என்று என்னை ஒத்துக்கொண்டு கொடுத்த காசு அது.

நாற்காலி கொடுக்கும் விழா எங்கள் மலையிலேயே, வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில்; மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எங்கள் திண்ணனூர் நாட்டில் பஸ் ஏறியதிலிருந்து எனக்கு ஒரே கவலை. பனியில் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிடுமோ, வளைவில் கீழே விழுந்துவிடுமோ, பாட்டரி தீர்ந்துவிடுமோ. பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதைத் துண்டில் சுற்றி, வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தேன்.

வகுப்பறையில், சத்தம் சரிபார்க்க வேண்டும் என்று பாய் எல்லாவற்றையும் ஒருமுறை போடச் சொன்னார். ஏழாவது பொத்தான்: "போன மாசம் இந்தச் சக்கர நாற்காலி குடுத்தாங்க. எங்க ஊட்டுக்கு ஒத்தையடிப் பாதைதானுங்க. முன்னெல்லாம் எங்கண்ணன் என்னைய மட்டும் தூக்கிட்டுப் போவாரு." எட்டாவது: "இப்ப என்னைய ஒரு நடை, நாற்காலிய ஒரு நடை. தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பே போச்சு. அடுத்த நாற்காலி அவருக்குத்தானுங்க!"

பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அந்தக் கடைசிக்கு வால்யூம ஏத்தி வெக்கிறேன் தம்பி."

செயலாளர் சிரிக்கவில்லை. "கடைசி மட்டும் வேண்டாமே. தலைமைக்கு வர்றவருதான் நாற்காலிக்கெல்லாம் பணம் குடுத்தவரு."

நான் தலையை ஆட்டினேன், முடியாதென்று.

"அது இல்லீன்னா மத்ததெல்லாம் எதுக்குங்க?" என்றார் அண்ணி. "சட்டிய அடுப்புல ஏத்திட்டு அரிசி போடாத கதையாவல்ல இருக்கும்?"

மேடம் கிட்டே வந்தார். தன் கைக்குட்டையை எடுத்து, என்னைக் கேட்காமலே, என் வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தார். ஏலக்காயும் பவுடரும் கலந்த வாசனை. என் தலைக்கு மேலாகச் செயலாளரைப் பார்த்து, "எவ்வளவு அறிவு பாருங்க, பாவம்" என்றார்.

மேடை ஏறுமுன் எப்போதும் மூத்திரம் முட்டும். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அண்ணி என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். பாயும் ஒயர் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மேடம் பெட்டியை நீட்டினார். "நல்லா தொடச்சு வெச்சிருக்கேன் தம்பி." நான் பாட்டரியைப் பார்த்தேன். பொத்தான்களைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மேடையில் ஆறு பொத்தானுக்கும் கூட்டம் சிரித்தது. ஏழாவதற்குச் சிரிப்பு வரும் முன்பே சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒத்தையடிப் பாதையில் தூக்குவது அவர்களுக்குத் தெரியாததா? எட்டாவதை அழுத்தினேன்.

"ஐயா, உங்கள் கருணைக்கு இந்த ஏழை எப்படி நன்றி சொல்வேன்! நீங்களும் உங்கள் குடும்பமும் நூறாண்டு வாழ வேண்டும்!"

மேடத்தின் குரல். பாகில் போட்ட மாதிரி. பாய் ஏற்றி வைத்த வால்யூமில் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

வாயைப் பொத்தியிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். பிறகு கை தட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தலைமை தாங்கியவர் எழுந்து வந்து, வேர்வையும் சந்தனமுமாக என்னைக் கட்டிப்பிடித்தார். என் மூக்கு அவர் சட்டைப் பைக்குள் நசுங்கியது.

நான் என் சொந்த வாயாலேயே சொல்லப் பார்த்தேன். அடுத்த... நாற்காலி... இழுத்து இழுத்து வந்தது. செயலாளர் மைக்கை வாங்கி, "நன்றி சொல்றாருங்க! உணர்ச்சிவசப்பட்டுட்டாரு!" என்றார்.

"நன்றியா?" கீழே இருந்து அண்ணி கத்தினார். "அவன் அதையா சொல்றான்?" கைதட்டலில் அது யாருக்குக் கேட்டது?

சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.

கீழே இறங்கியதும் அண்ணி மீதிப் பணத்தைக் கேட்டார்.

"என்னம்மா இது?" என்றார் செயலாளர். "அவருக்காக நடத்துற விழாவுல அவரே கூலி கேட்டா நல்லாவா இருக்கு? சால்வ போத்துனோமில்ல?"

"சால்வைய வேவிச்சு திங்கறதுங்களா?"

அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பாய் என்னைப் பார்க்கவில்லை. "அந்தக் கொரலுக்குப் போயி வால்யூம ஏத்திக் குடுத்துட்டேனே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் கன்னத்தைத் தடவினார். "அழுதுட்டேன் சாமி." சிரிக்க வைக்கப் போனவனிடம் சொல்கிற பேச்சா இது? அந்தக் கை இறங்கிப் போன பிறகும் கன்னம் பிசுபிசுவென்றே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேடத்தின் குரலை அழித்தோம். பழைய ஜோக்கை மறுபடி ஏற்றலாம் என்றார் அண்ணி. வேண்டாமென்றேன். அதற்கப்புறம் எந்த ஊர் மேடையிலும் ஏழாவது பொத்தான் முடிந்ததும் நான் போடுவது அன்றிரவு எட்டாவதில் அண்ணி பேசிப் பதிந்ததைத்தான். செயலாளரின் ஜீப் ரோட்டில் போனாலும் போடுகிறேன். கதை தெரிந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஜீப் மட்டும் நிற்பதில்லை.

"ஏனுங்க சார், நன்றியெல்லாம் சொல்லியாச்சுங்க. பாக்கி முந்நூத்தம்பது ரூவாய்ங்க."