வாசனை போட்டு வீடு விற்கப் போன கதை

அந்த வீட்டை விற்றே தீருவது என்று முடிவெடுத்தவள் நான்தான்.

என் கணவர் லாரி டிரைவர். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வண்டி கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போய்விட்டது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு உயரமான படிகள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுத்தான் அவரைத் தூக்கி இறக்க வேண்டும். வீல்சேர் வாங்கியும் அது கூடத்தைத் தாண்டவில்லை. கச்சிராயபாளையம் சாலையில் தெரு மட்டத்துக்கே ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. இதை விற்றால் அதை வாங்கலாம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசலோடு திரும்பினார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரோக்கர்தான் உடைத்துச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. உள்ள வந்தா மருந்தும் பினாயிலும் மூத்திரப் பையும் சேந்து ஒரு வாடை அடிக்குது. உங்களுக்குப் பழகிப்போச்சி. யாராச்சும் வர்றப்ப சாம்பிராணி போடுங்க, மல்லிப்பூ வைங்க, ஸ்பிரே அடிங்க. அண்ணனையும் அந்த நேரத்துக்கு உள் ரூம்புல வச்சிக்கினா நல்லது."

கடைசியாகச் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன், மருமகள், மாமியார். கட்டிலை உள் அறைக்குத் தள்ளி, குறுக்கே என் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

மருமகள் கூடத்தின் நடுவரைக்கும்தான் வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடி, கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

"மாசமா இருக்கா," என்றார் மாமியார். "பூ வாசனையே ஆவல இவளுக்கு."

கை கால் ஓடாமல் நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"ஏம்மே, நின்னுக்கினே இருக்காத. எலுமிச்சம்பழத்த அறுத்து மோந்து பாக்கக் குடு. அந்தச் சாம்பிராணியத் தூக்கி வெளிய வை. எனக்கே மூச்சு முட்டுது."

மாமியாரும் மகனும் திரையைப் பார்த்தார்கள். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். அப்புறம் எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. புடவையை உருவிப் போட்டேன்.

"இவரு எங்க வூட்டுக்காரரு. வண்டி கவுந்து அடிபட்டுப் படுத்துக்கினு இருக்காரு. வாடை அடிக்குதுன்னுதான் இதெல்லாம் பண்ணேன். நல்லாக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சித் தரேன். வந்து பாருங்க."

மருமகள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி கிணற்றுக் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தாள். மாமியார் கட்டிலருகே போய், "சாப்ட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான், இவர் பேச ஆரம்பித்துவிட்டார். கோடையிலும் கிணறு வற்றாது என்றார். மேற்குச் சுவர் மழைக்கு ஒழுகும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான் முறைத்தேன்.

அவர்கள் பிடிகொடுக்காமல் கிளம்பிப் போனார்கள். பதிலுக்காக நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. மறுநாளே வாடை ஊறிப்போன மெத்தையை வெளியே போட்டேன். பீரோவை நகர்த்தி, அது மறைத்திருந்த ஜன்னலைத் திறந்தேன். சுவரைச் சுரண்டினேன். வீல்சேரில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டுகிற வரைக்கும் அவரும் சுரண்டினார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். "மேல உன் பங்கு, கீழ என் பங்கு," என்றார். அடிபட்ட பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவரோடு வண்டி ஓட்டிய நண்பர் கரியாலூரிலிருந்து எலுமிச்சைப்புல் கொண்டுவந்து தந்தார். அதைக் கொதிக்க வைத்த தண்ணீரில் தினமும் தரை துடைத்தேன்.

ஒழுகிய சுவரைப் பூசி முடித்ததும் புரோக்கரிடம் சொல்லி அவர்களை மறுபடி வரச் சொன்னேன். இந்தத் தடவை அவர் கட்டில் கூடத்திலேயே கிடந்தது. மருமகள் மெதுவாக உள்ளே வந்தாள். ஜன்னலருகே நின்று நன்றாக மூச்சை இழுத்தாள்.

"இப்ப ஒன்னும் பண்ணல அத்தை."

ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிந்தது.

புது வீட்டில் முதல் நாள் சாயங்காலம் நான் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பதறிப்போய்த் தெருவுக்கு ஓடினேன். முனையிலிருந்து வீல்சேரைத் தானே உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"சொல்லாம கொள்ளாம எங்க போனீங்க?"

"டீ குடிக்க."